பூமயில் தின்ற அரிசி

இந்தக் கதை எனக்கு நேராகக் கிடைத்ததல்ல. விடுதியில் என் அறையில் இருந்த தோழி சொன்னாள், அவளுக்கு அவள் சித்தி சொன்னார், அந்தச் சித்தி கதையில் வரும் கல்யாணத்தில் சாம்பார் வாளி தூக்கியவர். ஆகவே சாம்பாரைப் பற்றி வருகிற செய்திகளைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம். மற்றவற்றில், தோழி இரண்டு தடவை சொல்லி இரண்டு தடவையும் மாறாமல் வந்ததை மட்டும் எழுதியிருக்கிறேன்.

நரியன்பொட்டல் என்ற ஊரில், கண்மாய்க்கரையை ஒட்டித் தகரக் கூரை போட்ட ஓர் அரவை மில் இருந்தது. அந்த மில்லை ஓட்டிய சேதுராசுவுக்கும் அவர் மனைவி இருளாயிக்கும் பூமயில் என்று ஒரே மகள் பிறந்தாள், தவழ்ந்து போய் எட்டிப் பிடித்த முதல் பொருள் அரிசியாக இருந்ததால் அதை வாயில் போட்டாள், போட்டது இனித்தது, அன்றிலிருந்து அவள் அரிசி தின்பதை நிறுத்தவில்லை. பள்ளிக்கூடப் பையின் அடியில் அரிசி இருந்தது, பாவாடைக் கொசுவத்தில் அரிசி இருந்தது, பரீட்சை எழுதும்போதுகூடக் கன்னத்தில் ஒதுக்கிய அரிசி இருந்தது. அரிசி தின்றால் கல்யாணத்தன்று மழை கொட்டும் என்று சொல்லி எல்லா ஊர்த் தாய்மார்களும் பிள்ளைகளின் கையைத் தட்டிவிடுவார்கள். நரியன்பொட்டலிலும் தட்டினார்கள், ஆனால் மழையை எப்போதும் அண்ணாந்து தேடுகிற ஊர் என்பதால் தட்டுகிற கையில் அவ்வளவு வேகம் இருக்காது.

"தின்னாதடி, கல்யாணம் நனைஞ்சு போயிரும்" என்று இருளாயி கத்தினால், நெல் மூட்டையோடு நிற்கிறவர், "விடு மதினி, புள்ள ஆசைக்குத் தின்னுட்டுப் போகுது" என்று வானத்தைப் பார்த்தபடி சொல்வார்.

பூமயில் வளர்ந்து, அப்பாவோடு சேர்ந்து மில்லை ஓட்டக் கற்றுக்கொண்டு, முப்பத்தொரு வயதுக்கு வந்தபோது ஏழு மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்த்துக் காபி குடித்துவிட்டுப் போயிருந்தார்கள். மில்லின் இரைச்சலுக்குள்ளேயே பேசிப் பேசி அவள் குரல் உரத்துப் போயிருந்தது, நலம் விசாரித்தால்கூடச் சண்டைக்கு வருகிறாள் என்று நினைத்தார்கள். எட்டாவதாக, பெண் பார்க்கவென்று இரண்டு நாள் லீவில் வந்த வில்லாயுதம் ஆழ்துளைக் கிணறு தோண்டும் போர் வண்டியில் வேலை பார்ப்பவன். அவன் காபியை வைத்துவிட்டு நேராக ஓடிக்கொண்டிருந்த மில்லுக்குள் போனான், அவளுக்கு எதிரே நின்றுகொண்டு, "இந்தச் சத்தத்துலயே இருந்துட்டு வெளிய போனா, எல்லாரும் நம்மளப் பத்தி ரகசியம் பேசுற மாதிரியே இருக்குமே, உங்களுக்கும் அப்படித்தானா?" என்று கேட்டான். கத்தாமலே அவன் குரல் எந்திரத்தைத் தாண்டி வந்தது. பூமயிலுக்கு வாழ்க்கை முழுக்க அப்படித்தான் இருந்தது, அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. "ஆமா" என்றாள், அதே சத்தத்தில். அங்கேயே முடிவாகிவிட்டது.

ஒரே ஒரு சங்கடம். போர் வண்டி வருஷத்தில் பதினோரு மாதம் வடக்கே எங்கெங்கோ பாறையைத் துளைத்துக்கொண்டு திரியும், ஆனியில் மட்டும் ஊருக்கு வரும், ஆடி பிறந்ததும் கிளம்பிவிடும். ஆனி இருபத்துநாலாம் தேதி முகூர்த்தம் குறித்தார்கள். "இது தப்புச்சுன்னா அடுத்த வருசந்தான். அம்புட்டு நாள் எங்களுக்குத் தோதுப்படாது, வேற இடம் பாத்துக்குவோம், தப்பா நினைக்கப்படாது" என்று மாப்பிள்ளையின் தாயார் வெற்றிலையை மடித்தபடி சிரித்த முகமாகவே சொன்னார்.

வைகாசியில் ஒரு காலை, இருளாயி சாமான் பட்டியல் எழுத உட்கார்ந்தாள். முதல் வரியில் விரலி மஞ்சள் என்று எழுதியதும் கூரையில் தூறல் விழுந்தது. வெங்காயம், புளி, வத்தல் என்று பட்டியல் நீள நீளத் தூறலும் நீண்டது.

"எலை எத்தனை கட்டு போடுறது?" என்றாள் இருளாயி.

"மொதல்ல கொடியில கெடக்குற துணிய எடு, அப்புறம் எலையப் பாப்போம்" என்றார் சேதுராசு.

அவள் எழுந்து போனாள், தூறல் நின்றது, துணியை எடுத்து வந்து மறுபடி எழுத உட்கார்ந்தாள், மறுபடி தூறியது. பட்டியலை மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் செருகியதும் வெயில் அடித்தது. மறுநாள் மஞ்சள் இடித்தார்கள், உலக்கை விழுகிற கணக்குக்கு விட்டு விட்டுப் பெய்தது. ஜாக்கெட் தைக்கக் கொடுத்தார்கள், தையல்காரர் வீட்டின் மேல் மட்டும் நூல் நூலாக இறங்கியது, அவர் தையலை நிறுத்தி டீ குடிக்கப் போனபோது அதுவும் காத்திருந்தது. முறுக்குச் சுற்றிய அன்று சாரல் வீட்டையே சுற்றிச் சுற்றி வந்தது. அப்பளம்தான் பெரும்பாடு, அப்பளத்தைக் காயவைப்பதும் கல்யாண வேலை என்பதால் காயப்போட்ட இடத்திலெல்லாம் மழை பெய்தது, கடைசியில், இது கல்யாண அப்பளம் என்று ஒருவரும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது என்ற கட்டுப்பாட்டோடு பக்கத்து ஊர்ப் பாறைக்குச் சுமந்துபோய், பெண்கள் வேறு கதைகளைப் பேசிக்கொண்டே காயவைத்துத் திரும்பினார்கள். அந்த அப்பளம் நன்றாகப் பொரிந்தது என்று சித்தி சொல்லியிருக்கிறார்.

ஊரில் இதை யாரும் அதிசயம் என்று பேசவில்லை. அந்தப் பிள்ளை அரிசி தின்றது எல்லோருக்கும் தெரியும், இப்போது மழை வருகிறது, இதில் கேட்க என்ன இருக்கிறது? அவர்கள் பேசியதெல்லாம் மழை எங்கே பெய்கிறது என்பதைப் பற்றித்தான். வேலை நடக்கிற இடத்தின் மேல் பெய்கிறது என்று மூன்றாம் நாளே கண்டுபிடித்துவிட்டார்கள்.

"ஏத்தா இருளாயி, அந்த மிளகா இடிக்கிறத எங்க வயலுல வந்து இடிச்சா ஆகாதா? வேப்பமர நெழலு இருக்கு, குந்தி இடிக்கலாம்" என்று மேலத்தெருவிலிருந்து ஒருத்தி வந்தாள்.

"மேலத்தெருவுல நேத்துதான் ரெண்டு படி மாவு சலிச்சோம். இன்னிக்குக் கீழத்தெரு முறை" என்று இன்னொருத்தி அவளை மறித்தாள்.

இப்படியாகக் கல்யாண வேலை வயலுக்குப் போனது. கடலைக் கொல்லையில் உரல் நட்டு மல்லி இடித்தார்கள், வாடிக் கிடந்த நாற்றங்காலின் வரப்பில் தார்ப்பாயைத் தலைக்குமேல் கட்டி அதிரசம் சுட்டார்கள், தட்டுகளை எண்ணுவதற்கு ஒரு வயல், தாம்பூலப் பை மடிப்பதற்கு ஒரு வயல். ஊர்த் தலைமையான அம்பலம் பொறுப்பில் இருந்த வெள்ளையப்பர் தெருவாரியாக முறை எழுதிக் கோயில் சுவரில் ஒட்டினார். யாரோ ஒருத்தர் புத்திசாலித்தனமாகத் தன் வீட்டுத் தேவைக்கு முறுக்குச் சுட்டுப் பார்த்தார், முறுக்கு நன்றாக வந்தது, சொட்டு மழை விழவில்லை.

பூமயிலுக்கு அந்த நாட்கள் பிடித்திருந்தன. மூட்டையை இறக்கிவிட்டுப் போகிற ஊர் இப்போது அவளைச் சுற்றியே உட்கார்ந்து தேங்காய் உரித்தது, மாப்பிள்ளையைச் சொல்லிச் சீண்டியது. "வடக்க தண்ணி தேடிப் போற மாப்பிள்ளைக்குத் தெக்கேயே பொண்டாட்டி தண்ணி காட்டுறா" என்று ஒருத்தி சொன்னதற்கு வரப்பே சிரித்தது. ஆனால் வேலை தீரத் தீர, ஊர்க்காரர்கள் கண்மாயைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பதையும் அவள் பார்த்தாள். ஒன்பது வருஷமாக நிறையாத கண்மாய் பாதிக்கு வந்திருந்தது. நாற்றுப் பாவியாகிவிட்டது. பாதிக் கண்மாயை நம்பி நட்டால் கதிர் வருகிற நேரத்தில் காய்ந்துவிடும் என்பது மில்லுக்காரர் மகளான அவளுக்கும் தெரியும்.

பத்திரிகை விஷயம் அப்போதுதான் வந்தது. அந்தப் பக்கத்துப் பத்திரிகைகளில் மணமக்கள் பேர் நடுவில் சின்னதாக இருக்கும், சுற்றிலும் சொந்தக்காரர்கள் பேர்தான் முழுக்க. அதில் இருளாயியின் ஒன்றுவிட்ட அண்ணன் கோட்டைச்சாமியின் பேர் விட்டுப்போயிருந்தது. அவர் மூன்று கிலோமீட்டர் தள்ளியிருந்த அலுவலகத்தில் மழைமானி பார்க்கிறவர், தினமும் காலை எட்டரைக்கு அதைத் திறந்து அளந்து பதிவேட்டில் எழுத வேண்டும். தன் மழைமானியில் சுழியம், தங்கச்சி ஊரில் தெப்பமாக மழை என்ற நிலைமை அவரை ஏற்கனவே உறுத்திக்கொண்டிருந்தது, மானியை ஒரு நாள் சைக்கிளில் கட்டிக் கொண்டுபோகட்டுமா என்று மேலதிகாரியிடம் கேட்டு, அதை இடம் மாற்றக் கூடாது என்று திட்டும் வாங்கியிருந்தார். அதன் மேல் பத்திரிகை.

"தாய்மாமன் முறைக்காரன் பேரு இல்லாம ஒரு பத்திரிகையா?" என்று வந்து நின்றார். "நான் செத்தா போயிட்டேன்? செத்தவுகளுக்குக்கூட மேல சின்ன எழுத்துல போடுறீகளே!"

"மறந்து போச்சுண்ணே" என்று இருளாயி அழுதாள்.

அம்பலம் வெள்ளையப்பர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "பேரு விட்டது பெரிய தப்பு. புதுசா அடிச்சு, மஞ்சத் தடவி, மறுபடி வீடு வீடாப் போய் அழைக்கணும். மஞ்சளக் கண்மாய்க்கரையில உக்காந்து தடவுங்க" என்றார். அடித்தார்கள், தடவினார்கள், கண்மாய் நான்கு விரற்கடை ஏறியது. அதைக் கண்டதும் எல்லோருக்கும் பத்திரிகையில் ஏதாவது குறை தெரியத் தொடங்கியது. ஒருவருக்குப் படிப்பைப் போடவில்லை, ஒருவருக்கு இனிஷியல் மாறியிருந்தது, ஒரு கொழுந்தியாள் பேர் அவளுக்கு இளையவளுக்குக் கீழே வந்திருந்தது. மூன்றாம் தடவை அடித்தார்கள். நான்காம் தடவைக்கும் ஆள் வந்து நின்றது. மாப்பிள்ளையின் தாயார் போனில், "பத்திரிகையே இன்னும் எங்க கைக்கு வரல. என்ன சங்கதி?" என்று கேட்டார். இப்போது அவர் குரலில் சிரிப்பு இல்லை.

ஆனி பதினாறாம் தேதி, மில் வாசலில் ஊர் கூடியது. ஒருவரும் கோபமாகப் பேசவில்லை, அதுதான் பூமயிலுக்குக் கஷ்டமாக இருந்தது. வெள்ளையப்பர் தலையைக் குனிந்துகொண்டே பேசினார். "சேதுராசு, வெக்கத்த விட்டுக் கேக்குறோம். கல்யாணம் முடிஞ்சா வேலை முடிஞ்சிரும். வேலை முடிஞ்சா மழை முடிஞ்சிரும். பாதிக் கண்மாய வச்சு என்ன செய்வோம்? தையில வச்சுக்க. அதுவரைக்கும் ஊரே ஒன் வீட்டு வேலைய இழுத்துப் போட்டுச் செய்யும்."

நெல் விளைந்தால்தான் மில் ஓடும், சேதுராசுவுக்கு எதிராக அவருடைய பிழைப்பே அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தது. பூமயில் மில்லுக்குள்ளிருந்து வெளியே வந்தாள். எந்திரம் நின்றிருந்ததால் அவள் பேசியது ஊருக்கே கேட்டது.

"பெரியப்பா, சின்னப் புள்ளையில என்னை என்ன சொல்லித் திட்டுனீக? அரிசி தின்னா எப்ப மழை வரும்னு சொன்னீக?"

"கல்யாணத்தன்னிக்கு" என்றார் வெள்ளையப்பர்.

"கல்யாணத்தன்னிக்குத்தானே? பட்டியல் எழுதுறன்னிக்குன்னோ பத்திரிகைக்கு மஞ்சத் தடவுறன்னிக்குன்னோ யாராவது சொன்னீகளா? இதெல்லாம் அந்த மழை வர்றதுக்கு முன்னாடி தூசி அடங்கத் தெளிக்கிறது. தெளிக்கிறதுக்கே அரைக் கண்மாய்னா, வந்தா எம்புட்டு வரும்? என் கல்யாணத்தத் தள்ளுறதுன்னா மழையத் தள்ளுறீக."

கூட்டம் முணுமுணுத்தது. பின்னாலிருந்து ஒருவர், "அது சரி ஆத்தா, நெறைக்கிற அளவுக்கு நீ தின்னிருக்கணுமே? வரலைன்னா?" என்றார். எவ்வளவு தின்றோம் என்று அவள் என்றைக்காவது அளந்தா வைத்தாள்?

அப்போது சேதுராசு எழுந்தார். முப்பது வருஷமாக மனசில் கிடந்ததைச் சொல்கிற ஆள் மாதிரி மெதுவாகச் சொன்னார். "நெறைய்ய தின்னிருக்கா. எனக்குத் தெரியும். உங்க மூட்டையெல்லாம் அரைச்சு எடை போட்டு வாங்குறப்ப, கொஞ்சம் கொறையுதேன்னு கேப்பீக. தவிட்டுல போகும், நொய்யில போகும், எலி இழுக்கும்னு நான் சொல்லுவேன். எலியெல்லாம் இல்லை. இவதான்."

"அப்ப எங்க வீட்டு அரிசியா?" என்றாள் மேலத்தெருக்காரி.

"உங்க வீட்டு அரிசியுந்தான். எல்லா வீட்டு அரிசியும். ஒரு மூட்டை விடல."

"எங்க மூட்டையிலயும் தின்னாளா?" என்று கீழத்தெருவிலிருந்து ஒருவர் கொஞ்சம் பதைப்போடு கேட்டார், தன் வீட்டை விட்டிருப்பாளோ என்ற கவலை அது. "உங்க சீரகச் சம்பாதான் அவளுக்கு ரொம்பப் பிடிக்கும்" என்றார் சேதுராசு, கேட்டவர் தன் பக்கத்திலிருந்தவர்களைப் பெருமையாகப் பார்த்தார். அதோடு பேச்சின் திசையே மாறிவிட்டது. வரப்போகிற மழையில் இன்னார் வீட்டு அரிசிக்கு இவ்வளவு என்று பங்கு இருப்பதாக எல்லோருக்கும் தோன்றிவிட்டது, தன் அரிசி பொய்க்கும் என்று ஊர் நடுவில் நின்று சொல்ல வெள்ளாமை செய்கிற எந்தச் சம்சாரிக்கும் வாய் வரவில்லை. வெள்ளையப்பர் துண்டை உதறித் தோளில் போட்டார். "இருபத்துநாலுதான் கல்யாணம். வீட்டு வாசல்ல பந்தல் வேணாம், மில்லுக்குள்ள வைங்க. கண்மாய்க்குப் பக்கமா இருக்கட்டும்."

அடுத்த நாட்களில் பூமயிலுக்குச் சோறு இறங்கவில்லை. அரிசியும் இறங்கவில்லை. இருபத்திரண்டாம் தேதியோடு எல்லா வேலையும் முடிந்தது, மழையும் சுத்தமாக நின்றது. அன்று மத்தியானம் வில்லாயுதத்துக்குப் போன் போட்டாள், அவன் வண்டியின் எந்திரத்தைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தான்.

"ஊர்க்காரங்ககிட்ட வாய விட்டுட்டேன். நான் தின்னது பத்தலைன்னா என்ன செய்யிறது?"

அந்தப் பக்கம் ஸ்பேனரைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு அவன், "ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்கக் கூடாது" என்றான். "போர் போடுறப்பப் பாறைத் தூசி தொண்டையில அடைக்கும். மத்தவனெல்லாம் புகையிலை போடுவான். நான் சட்டைப் பையில அரிசி வச்சிருப்பேன். சின்ன வயசுலேர்ந்தே பழக்கம். எங்கம்மா அரிசிப் பானைக்கே பூட்டுப் போட்டுருச்சு."

பூமயில் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக் கோழிகள் பறந்தன. அன்று சாயங்காலம் அவள் இரண்டு தட்டுச் சோறு தின்றாள்.

கல்யாணத்தன்று வானம் துடைத்து வைத்த எவர்சில்வர் தட்டு மாதிரி இருந்தது. தவிட்டைக் கூட்டிப் பெருக்கி, எந்திரத்துக்கு மாலை போட்டு, மணவடையை அதற்கு முன்னால் அமைத்திருந்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் கையில் குடையை வைத்துக்கொண்டு வெயிலில் வேர்த்தார்கள். நான்காவது முறை அடித்த பத்திரிகையில் தன் பேரைத் தனி வரியில் பார்த்திருந்த கோட்டைச்சாமி, புதுவேட்டி கட்டி, தாய்மாமன் சீர்த் தட்டோடு வந்திருந்தார். "ஆபீசுக்கு லீவு எழுதிக் குடுத்துட்டேன்" என்று கேட்காதவர்களிடமும் சொன்னார். மேளக்காரர்கள் வாசித்தார்கள். இருளாயி மகளைப் பார்க்காமல் கதவு வழியாக வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், ஊரும் அப்படியே பார்த்தது, மணவடையைப் பார்த்தவர்கள் வெளியூர்க்காரர்கள் மட்டும்தான்.

வில்லாயுதம் முதல் முடிச்சைப் போட்டான். ஒன்றும் இல்லை. இரண்டாம் முடிச்சைப் போட்டான். வெள்ளையப்பர் குடையைத் தரையில் ஊன்றி அதன் மேல் சாய்ந்தார். மூன்றாம் முடிச்சைப் போட நாத்தனார் குனிந்தாள், அவள் விரல் இறுகியபோது தகரத்தின் மேல் ஒரே ஒரு சொட்டு, கல் விழுந்த மாதிரி விழுந்தது. அடுத்தது சொட்டாக வரவில்லை. ஒரு மில் நிறைய நெல்லை ஒரே தடவையில் கூரையில் கொட்டிய மாதிரி வந்தது.

அட்சதை போட்டவர்களின் வாழ்த்து கேட்கவில்லை, மேளம் கேட்கவில்லை, வாய்கள் மட்டும் அசைந்தன. இருளாயி அழுதாளா சிரித்தாளா என்று பக்கத்தில் இருந்தவர்களுக்கே தெரியவில்லை. அந்த இரைச்சலுக்குள் ஒருவரையொருவர் கேட்க முடிந்தவர்கள் இரண்டே பேர்தான், அவர்கள் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"எம்புட்டுத்தான் தின்ன நீ?" என்றான் வில்லாயுதம்.

"நான் தின்னது இவ்வளவு இல்லை" என்றாள் பூமயில். "இதுல பாதி நீங்க."

அந்த மழை மூன்று பந்தி நேரம் பெய்தது. வாசலில் போட்ட பந்தியில் இலைகள் படகு மாதிரி நகர, ஆட்கள் அதைப் பிடித்துக்கொண்டு சாப்பிட்டார்கள், திறந்த வாளியோடு நடந்தும் சாம்பார் நீர்த்துப் போகவில்லை என்று சித்தி சத்தியம் செய்கிறார். கடைசிப் பந்திக்குப் பாயசம் வரும்போது உபரித் தண்ணீர் வழியும் கலுங்குப் பக்கமிருந்து கூச்சல் கேட்டது, கண்மாய் நிறைந்து தண்ணீர் மறுகால் பாய்ந்தது. சாப்பிட்ட கையோடு எல்லோரும் அங்கே ஓடினார்கள், கோட்டைச்சாமி மட்டும் கையைக் கழுவிவிட்டு, மானியைக் கொண்டுவரவில்லையே என்று ஒரு தூணில் சாய்ந்து நின்றார்.

ஆடி முதல் தேதி போர் வண்டி வடக்கே கிளம்பியது. வில்லாயுதம் அதில் ஏறிப் போனான், பூமயில் மில்லை அப்படியே போட்டுவிட்டு ரோடு வரைக்கும் வந்து வழியனுப்பினாள், அவன் சட்டைப் பையில் அவள் போட்ட அரிசி இருந்தது. அந்த வருஷம் நரியன்பொட்டலில் முழு வயலும் நட்டார்கள்.

போன மாதம் ஒரு சான்றிதழ் வாங்க அந்த வட்டாரத்துக்குப் போகவேண்டியிருந்தது. கோட்டைச்சாமி வேலை பார்த்த அலுவலகத்தில் காத்திருந்த நேரத்தில், கொஞ்சம் பயந்துகொண்டே, பழைய மழைப் பதிவேட்டைப் பார்க்கலாமா என்று கேட்டேன், எடுத்துக் கொடுத்தார்கள். தோழி சொன்ன வருஷத்துக்கு வைகாசியும் ஆனியும் வரிசையாகச் சுழியங்கள், ஒரே மையில், ஒரே கையெழுத்தில், ஒரு நாள்கூட விடாமல் இருந்தன. கல்யாணத் தேதிக்கு நேரே மட்டும் சுழியம் இல்லை. அந்தக் கட்டத்தில், "அளவு எடுக்கப்படவில்லை. தங்கை மகள் கல்யாணம்" என்று எழுதியிருந்தது.